அண்ணன் போய்ப் பதினோரு மாதம். "அழாதே, சாட்சியாக நில்" என்கிறார்கள். என்னால் முடியவில்லை

மழைக்குருவி எழுதியது
ஞாயிறு, இரவு 11.20

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். இங்கே இரண்டு வருடமாக வாசித்துவிட்டுப் போகிறவள் நான். இன்றைக்குத்தான் எழுதுகிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது.

என் அண்ணன் இறந்து பதினோரு மாதம் ஆகிறது. கணையப் புற்றுநோய். கண்டுபிடித்ததிலிருந்து ஐந்து மாதம்தான் இருந்தான். அந்த ஐந்து மாதமும் உபவாசம், சங்கிலி ஜெபம், இரவு ஜெபம் என்று எதையும் நாங்கள் விடவில்லை. "கர்த்தர் சுகம் கொடுத்தாயிற்று, நீங்கள் விசுவாசித்தால் போதும்" என்று வீட்டுக்கு வந்து சொன்ன ஒருவர், அடக்கம் முடிந்த பிறகு, "உங்கள் வீட்டில் யாருக்கோ விசுவாசக் குறைவு இருந்திருக்கிறது" என்றார். அந்த யாரோ நான்தானோ என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று ஆராதனையில் அண்ணனுக்குப் பிடித்த பாட்டு ஒன்றைப் பாடினார்கள். இரண்டாவது சரணத்திலேயே அழுகை வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. முடிந்ததும் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னுமா? ஸ்தோத்திரம் சொல்லப் பழகு. பார்க்கிறவர்களுக்கு நீ சாட்சியாக இருக்கணும்" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் இனிமேல் அங்கே போக வேண்டாம் என்றே தோன்றியது.

அண்ணனுடைய வேதாகமம் என்னிடம்தான் இருக்கிறது. ஜிப் வைத்த கறுப்பு உறை. ஜிப்பின் பிடி உடைந்துபோனதால் அதில் ஒரு காகிதக் கிளிப்பை மாட்டி வைத்திருந்தான். அந்தக் கிளிப்பைப் பார்த்தாலே தொண்டை அடைக்கிறது. ஒரு துண்டில் சுற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டேன். பதினோரு மாதமாகத் திறக்கவில்லை.

என் கேள்வி இதுதான். கிறிஸ்துவுக்குள் நம்பிக்கை இருக்கிறது என்கிறோமே, அது தானாக வருமா, அல்லது நான்தான் வரவழைக்க வேண்டுமா? ஜெபிக்க உட்கார்ந்தால் ஒரு வார்த்தையும் வருவதில்லை. இப்படி இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


இரண்டாம் மைல் எழுதியது
ஞாயிறு, இரவு 11.52

சகோதரி, திடன்கொள்ளுங்கள். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று, பிள்ளைகளையும் சொத்தையும் ஒரே நாளில் இழந்த யோபு சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும், ரோமர் 8:28. உங்கள் அண்ணன் இப்போது வேதனையில்லாத இடத்தில் இருக்கிறார். அதை நினைத்துச் சந்தோஷப்படுங்கள். ஜெபிக்கிறேன்.


நிலாமுற்றம் எழுதியது
திங்கள், காலை 5.10

மழைக்குருவி, முதலில் உங்களிடம் பேசிவிடுகிறேன். என் மகளை ஆறு வயதில் அடக்கம் செய்தோம். ஒன்பது வருடம் ஆகிறது. இப்போதும் சில பாட்டுகள் தொடங்கினால் நான் வெளியே போய் நின்றுவிட்டு வருகிறேன். பதினோரு மாதம் மிகவும் குறைவு அம்மா. "இன்னுமா" என்று கேட்டவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம், இரண்டாம் மைல் சகோதரருக்கு. உங்கள்மேல் கோபமில்லை. ஆனால் நீங்கள் எடுத்த யோபுவையே இன்னும் கொஞ்சம் வாசித்துப் பாருங்கள். அந்த வார்த்தை முதல் அதிகாரத்தில் இருக்கிறது. மூன்றாம் அதிகாரத்தில் அதே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அதன்பிறகு முப்பது அதிகாரத்துக்கு மேல் சண்டைதான். நண்பர்கள் மூன்று பேர் வந்தார்களே, அவர்கள் முதல் ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கினார்கள், கெட்டது.

கடைசி அதிகாரத்தில் கர்த்தர் யார்மேல் கோபப்படுகிறார்? தேவனிடமே வழக்காடின யோபுவின்மேல் இல்லை. தேவனுக்காக வக்காலத்து வாங்கின நண்பர்கள்மேல். "என் தாசனாகிய யோபு பேசினதுபோல, நீங்கள் என்னைக்குறித்து நிதானமானதைப் பேசவில்லை" என்கிறார். என் மகள் இறந்த வருடம் இந்த ஒரு வசனம்தான் என்னைச் சபையைவிட்டு ஓடாமல் பிடித்து வைத்தது. நான் அழுது கத்தினதெல்லாம் தேவனுக்கு எதிரான பேச்சாக எண்ணப்படவில்லை என்று அதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.


இரண்டாம் மைல் எழுதியது
திங்கள், காலை 9.35

நிலாமுற்றம் அக்கா, மன்னியுங்கள். மழைக்குருவி சகோதரி, நீங்களும் மன்னியுங்கள். நேற்று எழுதினதை அழிக்கப் போனேன், பிறகு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அழித்தால் அக்காவின் பதில் புரியாமல் போய்விடும்.

அந்த வசனம் என் அப்பா இறந்தபோது எனக்குக் கைகொடுத்தது. அதனால்தான் கையில் கிடைத்த மருந்தை உடனே நீட்டிவிட்டேன். எனக்கு அது கைகொடுத்தது அப்பா போய் இரண்டு வருடம் கழித்து என்பதை நேற்று மறந்துவிட்டேன்.

இன்று காலை ரோமர் 8 முழுவதையும் வாசித்தேன். 28க்கு வருவதற்கு முன்னால் மூன்று பெருமூச்சு இருக்கிறது. 22ல் சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது. 23ல் நாமும் நமக்குள்ளே தவிக்கிறோம். 26ல் நாம் என்ன கேட்க வேண்டும் என்றே தெரியாதபோது ஆவியானவர் தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார். சகோதரி, வார்த்தை வரவில்லை என்று எழுதியிருந்தீர்களே. வார்த்தை வராத ஜெபத்தைப் பவுல் ஒரு குறையாகவே சொல்லவில்லை. நான் இத்தனை வருடம் 28ஐ மட்டும் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.


நிலாமுற்றம் எழுதியது
திங்கள், காலை 9.50

தம்பி, நல்ல மனசு உங்களுக்கு. அழிக்காமல் விட்டது நல்லது.


விளக்குத்தண்டு எழுதியது
திங்கள், இரவு 10.15

நான் செவிலியர். குணமாகும் கட்டத்தைத் தாண்டியவர்களின் வலியைத் தணித்துப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறேன். ஆழ்ந்த விசுவாசிகள் பயந்ததையும் பார்த்திருக்கிறேன், விசுவாசமே இல்லாதவர்கள் அமைதியாகப் போனதையும் பார்த்திருக்கிறேன். யாருடைய விசுவாசம் எவ்வளவு என்று கடைசி நாட்களை வைத்து அளக்கக் கூடாது என்பது அங்கே நான் கற்றுக்கொண்டது. உயிர் பிழைத்தாரா இல்லையா என்பதை வைத்து அளக்கவே கூடாது.

"விசுவாசக் குறைவு" என்று உங்களிடம் சொன்னவருக்கு ஒரு கேள்வி. கெத்செமனேயில் இயேசு, "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்றார். இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று மூன்று தரம் ஜெபித்தார். பாத்திரம் நீங்கவில்லை. பவுலும் தம் மாம்சத்திலிருந்த முள்ளுக்காக மூன்று தரம் கேட்டார். முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. இவர்கள் இருவரிடமும் யாராவது போய் உங்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்வார்களா? கேட்டது கிடைக்காமல் போனவர்களின் வரிசையில் முதலில் நிற்பவர் நம் ஆண்டவர்தான். உங்கள் வீடு அந்த வரிசையில் நிற்கிறது. அது குற்றவாளிகளின் வரிசை அல்ல. தயவுசெய்து அந்தப் பேச்சை உங்கள் தோளிலிருந்து இறக்கி வையுங்கள்.

இன்னொன்று. யோவான் 11ஐ மெதுவாக வாசியுங்கள். லாசரு வியாதியாயிருக்கிறான் என்று ஆள் அனுப்பியும் இயேசு இருந்த இடத்திலேயே இன்னும் இரண்டு நாள் தங்கிவிடுகிறார். வந்து சேரும்போது லாசருவைக் கல்லறையில் வைத்து நாலு நாள். மார்த்தாள் எதிரே ஓடிவந்து, "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து மரியாள் வந்து காலில் விழுந்து சொல்வதும் கிட்டத்தட்ட அதே வாக்கியம்தான். இரண்டு தங்கைகளும் அந்த நாலு நாளும் வீட்டில் இதையேதான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன். அவர்கள் தங்கைகளா அக்காக்களா என்று வேதத்தில் இல்லை. உங்களை நினைத்துத் தங்கைகள் என்று எழுதிவிட்டேன்.

மார்த்தாளுக்கு அவர் பேச்சில் பதில் சொல்கிறார்: "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்." மரியாளுக்குப் பேச்சு இல்லை. "அவனை எங்கே வைத்தீர்கள்" என்று கேட்கிறார். அப்புறம், "இயேசு கண்ணீர் விட்டார்." இன்னும் சில நிமிடத்தில் லாசருவை எழுப்பப் போகிறவர் அவர். முடிவு தெரிந்தவர். தெரிந்தும் அழுதார். "எழும்பத்தானே போகிறான், எதற்கு அழுகிறாய், சாட்சியாக நில்" என்று மரியாளிடம் அவர் சொல்லவில்லை. நம்பிக்கை இருந்தால் அழக்கூடாது என்று யார் சொன்னாலும் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.


வாசலில் நிற்பவன் எழுதியது
செவ்வாய், பகல் 1.05

நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன், ஆலயத்துக்குப் போய் எட்டு வருடம் ஆகிறது. தவறாக நினைக்காதீர்கள். மழைக்குருவி, உங்களைப் புண்படுத்தக் கேட்கவில்லை. என் அம்மா போனபோது எனக்கே வந்த கேள்வி இது.

ஆறுதல் வேண்டும் என்பதற்காக ஒன்றை நம்புவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது ஆகாதா? "மறுபடியும் பார்ப்போம்" என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் நம்ப ஆசைதான். ஆசையாக இருக்கிறது என்பதாலேயே அதை நம்பப் பயமாக இருந்தது.


மழைக்குருவி எழுதியது
செவ்வாய், இரவு 8.40

எல்லோருடையதையும் வாசித்தேன். விளக்குத்தண்டு அக்கா, தோளிலிருந்து இறக்கி வைக்கச் சொன்னீர்களே, அந்த இடத்தில் அரை மணி நேரம் அழுதேன். நல்ல அழுகைதான்.

வாசலில் நிற்பவன், புண்படவில்லை. நானும் இதையேதான் ராத்திரி யோசிக்கிறேன், வெளியே சொல்லத்தான் தைரியமில்லை. யாராவது இதற்கு மழுப்பாமல் பதில் சொன்னால் எனக்கும் உதவும்.


பழைய ஏடு எழுதியது
புதன், காலை 6.30

நான் ஓய்வுபெற்ற போதகன். நாற்பது வருடத்தில் எத்தனையோ அடக்க ஆராதனை நடத்தியிருக்கிறேன். என் மனைவியை அடக்கம் செய்த நாளில் மட்டும் இன்னொருவர் நடத்தினார், நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அங்கே உட்கார்ந்து கேட்கும்போது அதே வார்த்தைகள் வேறு மாதிரி இருந்தன. ஆகையால் மேலிருந்து பேசுகிறேன் என்று எண்ண வேண்டாம்.

தம்பி, உங்கள் கேள்வியைப் பவுல் உங்களுக்கு முன்னாலேயே கேட்டுவிட்டார். 1 கொரிந்தியர் 15ஐப் பாருங்கள். "கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா." அதோடு விடவில்லை. அப்படியானால் எல்லா மனுஷரைப் பார்க்கிலும் பரிதபிக்கப்படத்தக்கவர்கள் நாங்கள்தான் என்கிறார். பொய்யாக இருந்தாலும் ஆறுதலாக இருக்கிறதே, வைத்துக்கொள்வோம் என்ற சமாதானத்தை அவர் ஏற்றுக்கொள்ளவே இல்லை. எல்லாவற்றையும் ஒரு சம்பவத்தின்மேல் வைக்கிறார். கேபாவுக்கு, அதாவது பேதுருவுக்கு, காணப்பட்டார், பன்னிருவருக்குக் காணப்பட்டார், ஐந்நூறுக்கு அதிகமான சகோதரருக்கு ஒரே வேளையில் காணப்பட்டார், அவர்களில் அநேகர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்று எழுதுகிறார். போய் விசாரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிற தொனி அது. அந்தச் சாட்சியை நீங்கள் ஏற்கலாம், ஏற்காமல் போகலாம். ஆனால் கேள்வி நமக்கு ஆசையாக இருக்கிறதா என்பதல்ல, அந்தக் கல்லறை வெறுமையாக இருந்ததா என்பதுதான். என் மனைவி போன பிறகு எனக்குள் ஆறுதல் என்ற உணர்ச்சி மாதக்கணக்கில் இல்லை. கல்லறை மட்டும் அப்போதும் வெறுமையாகவே இருந்தது. அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மழைக்குருவி, நம்பிக்கையை நான் வரவழைக்க வேண்டுமா என்று கேட்டீர்கள். எபிரெயர் 6:19 நம்பிக்கையை ஆத்தும நங்கூரம் என்கிறது. ரோமில் நிலத்தடிக் கல்லறைகளில் ஆதிக் கிறிஸ்தவர்கள் தங்களுடையவர்களின் கல்லின்மேல் நங்கூரத்தைச் செதுக்கி வைத்தார்கள். இன்றும் பார்க்கலாம். நங்கூரம் தண்ணீருக்கு அடியில் கிடப்பது. படகில் இருக்கிறவனுக்கு அது தெரியாது. படகு ஆடத்தான் செய்யும், வாந்தி வரும்வரைக்கும் ஆடும். நீங்கள் அதைச் செய்யவோ தூக்கவோ வேண்டியதில்லை.

"அழாதே" என்பதற்கு 1 தெசலோனிக்கேயர் 4:13ஐ எடுத்துக் காட்டுகிறார்கள். அங்கே பவுல், நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறார். துக்கமே வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வசனத்தில் இறந்தவர்களுக்கு அவர் வைத்திருக்கிற பெயர் நித்திரையடைந்தவர்கள். ஆதிக் கிறிஸ்தவர்கள் தங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு வைத்த கிரேக்கப் பெயரும் தூங்கும் இடம் என்றே பொருள்படும். தூங்குகிறவனை எழுப்பலாம் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் தூங்குகிறவன் பேசமாட்டான், வீடு வெறிச்சென்றுதான் இருக்கும்.

பெரியவர்களும் அழுதிருக்கிறார்கள். ஆதித் திருச்சபையின் பெரிய போதகர் அகஸ்டின் தம் தாய் மோனிக்கா 387ல் ஒஸ்தியாவில் இறந்தபோது அடக்கம் முடியும்வரை கண்ணீரை அடக்கிக்கொண்டே இருந்தார். அழுவது பலவீனம் என்று எண்ணினார். தனியாகப் படுத்து எழுந்த பிறகு உடைந்து அழுதார், அதைத் தேவனுக்கு முன்பாக மறைக்காமல் எழுதியும் வைத்தார். சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கின மார்ட்டின் லூத்தரின் மகள் மக்தலேனா 1542ல் தம் பதின்மூன்றாம் வயதில் தகப்பனின் கையிலேயே இறந்தாள். நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிந்தும் விம்மாமல் நன்றி சொல்ல முடியவில்லை என்று அவர் நண்பருக்கு எழுதினார். நன்றியும் விம்மலும் ஒரே வாயில்தான் இருந்தன.


ஐந்தாம் மணி எழுதியது
புதன், இரவு 9.25

நான் கத்தோலிக்கப் பெண். எங்களுடைய பழக்கம் கொஞ்சம் வேறு, இருந்தாலும் ஒன்று சொல்லலாம் என்று தோன்றியது.

என் கணவர் இறந்த வருடம் எனக்கும் செபம் வரவில்லை. அப்போது எனக்கு உதவினது மற்றவர்கள் எழுதி வைத்த செபங்கள். செபமாலையைக் கையில் வைத்து மணியை உருட்டிக்கொண்டிருப்பேன், மனது எங்கேயோ இருக்கும். ஒரு அருட்சகோதரி, "நீ சொல்லாவிட்டால் பரவாயில்லை, நாங்கள் சொல்லும்போது பக்கத்தில் உட்கார். உன் பங்குக்கும் சேர்த்துச் சொல்கிறோம்" என்றார். ஆறு மாதம் அப்படியே போனது. மற்றவர்களின் விசுவாசத்தில் சாய்ந்துகொண்டு வாழ்ந்த காலம் அது. மத்தேயுவில் திமிர்வாதக்காரனைக் கட்டிலோடு தூக்கி வருகிறார்களே, அங்கே இயேசு பார்ப்பது அவனைத் தூக்கி வந்தவர்களின் விசுவாசத்தையும்தான். தூக்கப்படுகிற காலம் என்று ஒன்று இருக்கிறது. அதற்காக வெட்கப்பட வேண்டாம்.

திருப்பாடல் 88ஐ வாசித்திருக்கிறீர்களா? 150 பாடல்களில் அநேகமாக மிகவும் இருண்டது அதுதான். மற்ற புலம்பல் பாடல்கள் கடைசியிலாவது ஒரு நம்பிக்கை வரிக்குத் திரும்பும். இது திரும்பாது. இருட்டிலேயே முடியும். எங்கள் திருச்சபையின் இரவு மன்றாட்டில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் படுக்கைக்குப் போகுமுன் இதைத்தான் சொல்கிறோம். உலகம் முழுவதும் குருக்களும் துறவியரும் வாரம் தவறாமல் இந்தப் புலம்பலைத் தங்கள் வாயால் சொல்கிறார்கள், அவர்களுக்கு அன்று துக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். துக்கத்தில் இருக்கிற யாரோ ஒருவருக்காக அன்று அது சொல்லப்படுகிறது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பதினோரு மாதமாக உங்களுக்காகவும் சொல்லப்பட்டிருக்கிறது.

அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007ல் வெளிவந்தபோது பலர் அதிர்ந்தார்கள். பல பத்தாண்டுகள் தேவனுடைய பிரசன்னத்தையே உணரவில்லை என்று எழுதியிருந்தார். எனக்கு அது பெரிய துணையாக இருந்தது. ஒன்றும் உணராத அந்த வருடங்களில்தான் அவர் காலையில் எழுந்து வேலைக்குப் போனார்.


சூரைச்செடி எழுதியது
வியாழன், காலை 7.15

எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு விஷயம் விட்டுப்போனது, அதை மட்டும் சொல்கிறேன்.

மனைவி இறந்த பிறகு நான் படுக்கையிலிருந்து எழாத காலம் ஒன்று உண்டு. பல் துலக்க மூன்று நாள் ஆகும். ஜெபக்குறைவு என்று நினைத்து இன்னும் ஜெபிக்கப் பார்த்தேன். ஒரு நண்பன்தான் கையைப் பிடித்து மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனான். அது மனச்சோர்வு நோய் என்றார்கள். ஒன்றரை வருடம் மாத்திரை சாப்பிட்டேன், பேச்சு சிகிச்சைக்குப் போனேன். அது விசுவாசத் துரோகம் என்று என் காதுபடச் சொன்னவர்களும் உண்டு.

என் பெயரை 1 இராஜாக்கள் 19லிருந்து எடுத்தேன். கர்மேலில் அக்கினியை இறங்கப்பண்ணின எலியா அடுத்த அதிகாரத்தில் வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தேவன் அவருக்கு முதலில் கொடுத்தது பிரசங்கம் அல்ல. தூங்க விட்டார். தூதன் தட்டி எழுப்பினான், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தது. சாப்பிட்டார், மறுபடியும் தூங்கினார். திரும்பவும் எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான். கண்டிப்பே இல்லை. மெல்லிய சத்தம் வந்தது நாற்பது நாள் கழித்து ஓரேப் மலையில்.

தங்கையே, தூக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சாப்பாடு இறங்குகிறதா? வாரக்கணக்கில் இப்படியே இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். இதை வாசிக்கிற யாருக்காவது வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் இன்றைக்கே ஒரு ஆளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நாளைக்கு என்று தள்ள வேண்டாம். எனக்கு அந்த எண்ணம் வந்தது. சொன்னதால்தான் இருக்கிறேன்.


வாசலில் நிற்பவன் எழுதியது
வியாழன், இரவு 11.30

பழைய ஏடு ஐயா, நேராகப் பதில் சொன்னதற்கு நன்றி. எனக்கு இன்னும் உறுதியில்லை, பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் மார்த்தாள் சொன்னதை இத்தனை வருடம் நான் பணிவான வேண்டுதல் என்று நினைத்திருந்தேன். "நீர் இங்கேயிருந்தீரானால்" என்பது குற்றச்சாட்டு என்று இன்றுதான் காதில் விழுந்தது. எனக்கும் அவரிடம் சொல்ல அதே வாக்கியம்தான் இருக்கிறது. அம்மா மருத்துவமனையில் இருந்த அந்த ஒன்பது நாளைப் பற்றி. கோபமாகவாவது பேசலாம் என்றால், பேசத் தொடங்கலாம் போலிருக்கிறது.


பழைய ஏடு எழுதியது
வெள்ளி, காலை 5.55

பேசுங்கள் தம்பி. மார்த்தாள் வாசலிலேயே நின்றுகொண்டுதான் பேசினாள். இயேசு கிராமத்துக்குள்கூட இன்னும் வரவில்லை.


மழைக்குருவி எழுதியது
மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 10.05

இத்தனை நாள் பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். ஒவ்வொன்றையும் பலமுறை வாசித்தேன். மருத்துவரைப் பார்த்தேன், சூரைச்செடி அண்ணா. தூக்கத்துக்கு ஏதோ கொடுத்திருக்கிறார், அடுத்த வாரம் மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார். இப்போது நாலு ஐந்து மணி நேரம் தூங்குகிறேன்.

சபைக்கும் போனேன், போன ஞாயிறு மட்டும். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பாடவில்லை, ஐந்தாம் மணி அக்கா சொன்னதுபோல மற்றவர்கள் பாடட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த அம்மா வந்தார்கள். இந்த முறை ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் ஏதோ இருக்கிறது போல, ஆராதனை முடியும்வரை என் கையை விடவில்லை.

நேற்று இரவு அண்ணனின் வேதாகமத்தை எடுத்தேன். திருப்பாடல் 88, எங்களுக்குச் சங்கீதம் 88, அதை வாசிக்கலாம் என்றுதான் திறந்தேன். என்னுடையதில் வாசித்திருக்கலாம். ஏன் அவனுடையதை எடுத்தேன் என்று தெரியவில்லை. கிளிப்பைப் பிடித்து இழுத்ததும் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. எப்போதும் அந்த இடத்தில்தான் சிக்கும். அவன் கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டு இழுப்பான். நானும் அப்படியே செய்தேன், திறந்துகொண்டது.

88க்குப் போகுமுன் பக்கம் தானாக வேறு இடத்தில் விரிந்தது. சங்கீதம் 13. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குமே, அது. முதல் இரண்டு வசனத்தில் "எதுவரைக்கும்" என்ற வார்த்தை நாலு தரம் வருகிறது. நாலையும் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறான். ஓரத்தில் ஒரு தேதி. இனி சிகிச்சையால் பயனில்லை என்று மருத்துவர் சொன்ன நாளுக்கு மறுநாள்.

அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு ஜெபிக்க வந்தவர்களிடம் அவன் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். எல்லோரும், "பாருங்கள், என்ன விசுவாசம்" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவனைப்போல என்னால் இருக்க முடியவில்லையே என்று இந்தப் பதினோரு மாதமும் குன்றிப்போயிருந்தேன். அவன் அன்று காலையிலேயே இந்த வசனத்தைச் சுழித்துச் சுழித்து வட்டம் போட்டிருக்கிறான். தாளின் பின்பக்கம் வரைக்கும் தடம் விழுந்திருக்கிறது, விரலால் தடவினால் தெரிகிறது.

அதே சங்கீதத்தில் ஐந்தாம் வசனம், "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்." அதற்குக் கோடு இல்லை, வட்டம் இல்லை. பக்கத்தில் ஒரு புள்ளி மட்டும் இருக்கிறது, பென்சில் முனையை வைத்துவிட்டு எடுத்ததுபோல. வைத்தானா, தவறிப் பட்டதா என்று சொல்ல முடியாது. விளக்குக்குக் கிட்டே கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தேன்.

முதல் வசனத்தை வாய்விட்டு வாசித்தேன். பதினோரு மாதத்தில் நான் செய்த முதல் ஜெபம் அது. நாலு "எதுவரைக்கும்" வரைக்கும் வந்தேன். ஐந்தாம் வசனத்துக்கு இன்னும் போகவில்லை. துண்டு மட்டும் இனி வேண்டாம் என்று வேதாகமத்தை மேஜைமேல் வைத்திருக்கிறேன்.


நிலாமுற்றம் எழுதியது
ஞாயிறு, காலை 4.45

இப்போதுதான் பார்த்தேன். மழைக்குருவி, அடுத்த மாதம் வருடம் திரும்பும் நாள் வருமே, அந்த இரவு தனியாக இருக்காதீர்கள். அந்த நாளைவிட அதற்கு முந்தின இரவுதான் பாரமாக இருக்கும். தேதியைத் தனிமடலில் அனுப்புங்கள். நான் எப்படியும் அந்த நேரத்தில் விழித்துத்தான் இருப்பேன்.


சூரைச்செடி எழுதியது
ஞாயிறு, காலை 7.00

நானும் இருக்கிறேன், எனக்கும் தேதி அனுப்புங்கள். சாப்பிட்டீர்களா?